பூஜ்யம் லிட்டர்

அக்கா வீட்டுக் குழாய்க்குச் சீல் வைத்தபோது குறடு எடுத்துக் கொடுத்தவன் நான்தான். தண்ணீர் இலாகா இன்ஸ்பெக்டர் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயின் கழுத்தில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஈயப் பொட்டை அதில் கோத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். அந்தக் கையில் என் குறட்டை வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம். 'கொண்டுவர மறந்துட்டேன் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு நாளாவது தள்ளிப்போயிருக்கும். ஆனால் ஸ்டேடியம் பம்ப் ஹவுஸில் முப்பத்தோரு வருஷமாக யார் கை நீட்டினாலும் ஆயுதத்தை வைத்துப் பழகிய கை இது, தானாகவே போய்விட்டது.

"எழுபது வீடு இருக்கு இந்தத் தெருவுல. என் வீடு மட்டும்தான் உங்க கண்ணுல பட்டுதா?" என்று அதுவரை கத்திக்கொண்டிருந்த அக்கா, ஈயம் 'நறுக்'கென்று நசுங்கியதும் வாயை மூடிக்கொண்டாள். அறுபத்து மூன்று வயதில் அவள் வாய் மூடி நான் பார்த்தது இரண்டு தடவை. ஒன்று என் மனைவி செத்த அன்று. இன்னொன்று இது.

"எழுபது வீட்டுல தொட்டியும் மோட்டாரும் வெச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தாம்மா. தினமும் மத்தியானம் பன்னிரண்டாயிரம் லிட்டர். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் இன்ஸ்பெக்டர். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, என் தோளைத் தொட்டார். "கூடப் பொறந்தவங்கன்னு பார்க்காம வந்து நின்னே பாரு, அது பெரிசுப்பா."

அந்தக் கையை அப்படியே முறுக்கிவிடலாம் என்று வந்தது. முறுக்கவில்லை. "வேலைதானே சார்" என்றேன். இந்தக் கதையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

அக்கா துணி துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். முற்றத்தில் ஒரு கல், இரண்டு பெரிய மிஷின், நாலு கொடி. சுற்று வட்டாரத்து விடுதிகளின் விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவளிடம்தான் வரும். இந்தப் போட்டி வந்ததிலிருந்து தொண்டர்கள் போட்டுக்கொள்கிற பச்சைப் பனியன்களும் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் 'ஒரு சொட்டும் வீணில்லை' என்று அச்சடித்திருந்தது. சீல் வைத்த அன்று அப்படி நாற்பது முதுகுகள் வியர்வை நாற்றத்தோடு கல்லுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

போட்டி என்றால் சின்னப் போட்டி இல்லை. எட்டு நாட்டுப் பெண்கள் வந்து விளையாடுகிற ஹாக்கி. எங்கள் ஸ்டேடியத்துக்கு அது கிடைத்ததே ஒரு புதுப் புல்லால்தான். ஹாக்கி ஆடுகிற செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும், நனைந்த புல்லில்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுந்தாலும் தோல் உரியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் லாரி லாரியாகத் தண்ணீர் குடிக்கும். ஊர் காய்ந்து கிடக்கும்போது இது என்ன அக்கிரமம் என்று உலகம் பூராவும் கேள்வி கிளம்பியதால், தண்ணீரே வேண்டாத புது மாதிரிப் புல் என்று ஒன்றைக் கொண்டுவந்து இங்கே விரித்தார்கள். இந்தப் புல்லில் நடக்கிற முதல் பெரிய போட்டி. வாசலில் ஆள் உயரத்துக்கு எழுத்துப் போட்ட ஒரு மின்சாரப் பலகை வைத்தார்கள். உள்ளே பெரிய திரையிலும் அதேதான். 'இந்த மைதானம் குடித்த தண்ணீர்: 0 லிட்டர்.' பம்ப் ஹவுஸில் மைதானத்துக்குப் போகிற குழாயில் ஒரு மீட்டரை மாட்டி, அதிலிருந்து நேராகப் பலகைக்கு இணைப்பு. யாரும் கை வைக்க முடியாது, கம்ப்யூட்டரே படித்து கம்ப்யூட்டரே எழுதும்.

அந்தப் பலகைக்கு முதலாளி மாதிரி நின்றவர் என் மாப்பிள்ளை, மகளைக் கட்டியவர். போட்டியின் சுற்றுச்சூழல் அதிகாரி. கழுத்தில் எப்போதும் பச்சை டை கட்டியிருப்பார், அதனால் அக்கா அவருக்கு வைத்த பெயர் கிளி. "உங்க கிளி என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பாள். கல்யாணத்தின்போது, துணி துவைக்கிற அத்தை முன்வரிசையில் உட்கார வேண்டாம் என்று ஜாடையாகச் சொல்லி அனுப்பிய ஆள் அவர். அதை நான் விழுங்கினேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், கடைசி வரிசைக்குத் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டாள். தாய் இல்லாத பிள்ளைக்குப் பத்து வருஷம் தலைபின்னி விட்டவள், தாலி கட்டுகிறதைத் தூண் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

போட்டியின் முதல் நாள் வெயில் கொளுத்தியது. இரண்டு மணி ஆட்டத்தில், பந்து தவளை மாதிரி துள்ளித் துள்ளிப் போனது. ஒரு நாட்டு அணியின் தலைவி கோலைத் தடுக்க விழுந்து சறுக்கினாள், எழுந்தபோது முழங்காலில் தோல் இல்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நடுவரிடம் கத்தினாள். பாஷை புரியவில்லை, திட்டுகிறாள் என்பது புரிந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று அணிகள் 'நாளைக்கு இறங்க மாட்டோம்' என்று கொடி பிடித்துவிட்டன.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளை முதல்முதலாகப் பம்ப் ஹவுஸுக்குள் வந்தார். கல்யாணமான நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்தவர் இல்லை. எண்ணெய் படாமல் இருக்கக் கைக்குட்டையை விரித்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாமா, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் இந்த ஒரு வார்த்தைக்கு. அதுவரை 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிடுவார். மாமா என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மூளையும் சேர்ந்து உறைந்துவிட்டது.

விஷயம் இதுதான். பழைய புல்லுக்குத் தண்ணீர் அடித்த பீரங்கிகள் ஆறும் மைதானத்தைச் சுற்றி இன்னும் இருந்தன. நாங்கள் அவற்றை யானைகள் என்போம். பெயர்த்தால் சிமென்டுத் தளம் போய்விடும் என்று, மேலே பச்சைத் துணி போர்த்தி, முன்னால் பூந்தொட்டி அடுக்கி மறைத்திருந்தார்கள். யானைகளுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் மைதான மீட்டர் வழியாகப் போகக் கூடாது. பக்கத்துக் குழாய் பின்தெருவுக்குப் போகிற குழாய். அந்தத் தெரு ஆதியில் ஸ்டேடியம் கட்டிய ஆட்களின் குடியிருப்பு, அதனால் அதற்குத் தண்ணீரே எங்கள் பம்ப் ஹவுஸிலிருந்துதான் போகும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்தக் குழாயிலும் இலாகா ஒரு மீட்டர் மாட்டியிருந்தது. அந்த மீட்டரைத் தாண்டிய இடத்திலிருந்து, மைதான மீட்டருக்கு அப்பால் மைதானக் குழாய்க்கு இரண்டடியில் ஓர் இணைப்பு கொடுத்தால் போதும். பலகையில் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும்.

"தெரு மீட்டர்ல ஏறுமே மாப்பிள்ளை" என்றேன்.

"எழுபது வீட்டுத் தண்ணியில இது யாருக்குத் தெரியப்போகுது? ஒன்பது நாள்தானே மாமா."

இரண்டு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தேன். நல்ல வேலை. ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. மறைப்பானேன், போட்டு முடித்ததும் நானே தள்ளி நின்று ரசித்தேன். குழாய் மரையில் சணல் நூல் சுற்றிச் செந்தூரப் பசை பூசி முறுக்குகிறது பழைய முறை. இப்போது எல்லாரும் வெள்ளை டேப் சுற்றுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் சணலை எப்போதும் நாலு சுற்று கூடவே சுற்றுவேன். மிச்சம் மூட்டுக்கு வெளியே கொசகொசவென்று தொங்கும். கத்தரிக்க மாட்டேன், கத்தரித்தால் பிடி விட்டுவிடும் என்று ஒரு எண்ணம். அக்கா வீட்டு முற்றத்தில் குழாய் போட்டுக் கொடுத்ததும் நான்தான். "என்னடா இது, குழாய்க்குத் தாடி வெச்சு விட்டிருக்கே? சவரம் பண்ணிட்டுப் போடா" என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு மணிக்கு, வாசல் திறப்பதற்கு அரைமணி முன்னால், தெரு வால்வை மூடிவிட்டு இணைப்பைத் திறப்பேன். மோட்டார் உறுமும். பச்சைத் துணிகளைத் தூக்கிவிட்டால் ஆறு யானைகளும் புல்லை இருபது நிமிஷம் குளிப்பாட்டும். பிறகு துணி, தொட்டி, எல்லாம் பழையபடி. அணிகள் வாயைத் திறக்கவில்லை. பந்து வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு பத்திரிகைக்காரர் புல் ஏன் பளபளவென்றிருக்கிறது என்று கேட்டதற்கு, இந்தப் புல் காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் என்று மாப்பிள்ளை கூசாமல் சொன்னார். பத்திரிகைக்காரரும் அதை அப்படியே எழுதிவிட்டார்.

ஆனால் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருக்கிறதே, அது மாப்பிள்ளைக்கும் வேலைக்காரன் இல்லை, எனக்கும் இல்லை. தெருவுக்குத் தண்ணீர் விடாத நேரத்தில் தெரு மீட்டர் பன்னிரண்டாயிரம் லிட்டர் ஓடுவதை மூன்றே நாளில் கண்டுபிடித்து, 'மோட்டார் வைத்துத் திருட்டு' என்று எழுதிவிட்டது. தண்டனையையும் அதுவே விதித்தது. காலைத் தண்ணீர் அரைமணியாகக் குறைந்தது. தெருவில் குடத்துக்குக் குடம் சண்டை. 'எந்தப் பாவி குடிக்கிறானோ, அவன் வயிறு வெடிக்க' என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நான் அந்த வழியாகத்தான் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் தெருமுனையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஆறாம் நாள்தான் அந்தக் குறடு.

சீல் வைத்த அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைத் தேடிப்போய்ச் சொன்னேன். "அக்கா மேல பழி விழுந்துடுச்சு. நிறுத்திடலாம்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்ப்யூட்டர் சொல்லுது, இலாகா செய்யுது. இதுல நாம எங்க வர்றோம்? போட்டி முடிஞ்சதும் ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க, பார்த்துக்கலாம்."

மாமாவைக் காணோம். வேலை முடிந்ததும் மாமா பட்டத்தைக் கழற்றிக்கொண்டுவிட்டார்.

ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, தணிக்கை பண்றவங்க வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்காங்க. இது மட்டும் வெளிய தெரிஞ்சா அவரை எவனும் வேலைக்கு வெச்சுக்க மாட்டான். இன்னும் மூணே நாளு. அத்தைகிட்ட அப்புறம் நான் பேசிக்கிறேன்."

"என்ன பேசுவே?"

"ஏதாவது சொல்லிச் சமாதானம் பண்றேன்."

"உங்க அத்தையைத் திருடின்னு சொல்லியிருக்காங்கம்மா."

"ஊர்ல நாலு பேர் நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. அவருக்கு அப்படியாப்பா?"

அந்தப் பக்கம் போனை வைத்த பிறகும் நான் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மடியைப் பற்றித்தான் 'நாலு பேர் நாலு நாள்' என்கிறாள். அறைய வேண்டும் போல் இருந்தது. அவளையா, மாப்பிள்ளையையா, என்னையா என்று யோசித்ததில் கோபம் ஆறிப்போய், வெறும் அசிங்கம்தான் மிஞ்சியது.

ஏழாம் நாளும் ஒரு மணிக்கு யானைகளைத் திறந்தேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் வழக்கம்போல் ஓடியது. இன்ஸ்பெக்டருக்கு மண்டை காய்ந்துவிட்டது. சீல் அப்படியே இருக்கிறது, திருட்டும் அப்படியே இருக்கிறது. வேறு யாராவது யோசித்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் சொன்ன பிறகு எந்த மனுஷன் யோசிக்கிறான்? அக்கா பூமிக்கடியில் ரகசியமாக இன்னொரு குழாய் போட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். எட்டாம் நாள் காலை, கடப்பாரையோடு நாலு ஆட்கள் வந்து முற்றத்தைத் தோண்டினார்கள். துவைக்கிற கல்லைப் புரட்டித் தெருவில் தள்ளினார்கள். இடுப்பளவு பள்ளத்தில் பழைய சோப்பு நுரையும் மண்புழுவும்தான் கிடைத்தன. தெருவே கூடி நின்று பார்த்தது. 'விடுதிக்காரன் துணி இவகிட்ட மட்டும் ஏன் போகுதுன்னு இப்பத்தானே தெரியுது' என்று எதிர்வீட்டுக்காரி சத்தமாகவே சொன்னாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை நான் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை, சுற்றிக்கொண்டு பெரிய சாலையாகப் போனேன்.

ஒரு மணிக்கு மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பம்ப் ஹவுஸ் கதவு படாரென்று திறந்தது. அக்கா. சேலையெல்லாம் மண். அந்த நாற்பது பனியனையும் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டிருந்தாள். வாசல் காவல்காரர் தொண்டர் துணி என்று விட்டிருக்கிறார். மூட்டையை என் காலடியில் தொப்பென்று போட்டாள்.

"கொண்டு போய் உன் கிளிகிட்ட குடு. அழுக்காவே போட்டுக்கிட்டு நிக்கட்டும்."

மோட்டார் சத்தத்தில் நான் காது கேட்காதவன் மாதிரி நின்றேன். அவள் மோட்டாரைப் பார்த்தாள்.

"தினம் ஒரு மணிக்கு இது உறுமுற சத்தம் என் வீடு வரைக்கும் கேக்குது. ஏழு நாளா யோசிக்கிறேன். எங்க தெருவுக்குத் தண்ணி இல்ல. இந்த மைதானம் தண்ணியே குடிக்காதுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கு. அப்ப யாருக்குடா ஓடுது இது?"

"மோட்டாரைச் சோதிக்கிறோம்க்கா" என்றேன்.

"என்கிட்டயே காது குத்துறியா?"

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் என் தோளுக்குப் பின்னால் போயிருந்தது. இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே, இரண்டடி நீளத்தில் புதுக் குழாய், இரண்டு முனையிலும் சணல் தாடி. காற்றில் அசைந்தது, மோட்டார் அதிர்வில் அசைந்திருக்கும். அவள் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவை அதைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

அக்கா, அடி என்னை, என்று மனசுக்குள் கெஞ்சினேன். பக்கத்திலேயே இருபத்துநாலு அங்குல ஸ்பேனர் கிடந்தது. எடுத்து மண்டையில் போட்டிருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த ஆளு என்னைத் திருடின்னு சொன்னப்ப, நீ பக்கத்துலயே நின்னுகிட்டிருந்தே" என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது கதவை அறையாமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். இருபது நிமிஷம் ஆனதும் நான் மோட்டாரை நிறுத்தினேன். வழக்கமாகச் செய்கிறதைக் கை செய்தது.

மறுநாள் இறுதி ஆட்டம். ஆட்டம் மூன்று மணிக்கு என்றாலும் ஒன்றரைக்கே 'உலகின் முதல் தண்ணீரில்லா மைதானம்' என்று ஒரு விருது கொடுப்பதாக ஏற்பாடு. கூட்டத்தைப் பன்னிரண்டுக்கே உள்ளே விடுவார்கள். "பதினோரு மணிக்கே முடிச்சிடுங்க" என்று மாப்பிள்ளை ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை, ஆள்.

பதினோரு மணிக்கு ஸ்பேனரை எடுத்தேன். இணைப்பின் இரண்டு முனைகளையும் கழற்றினேன். நான் போட்ட மூட்டு லேசில் விடவில்லை, என் வேலை எனக்கே எதிராக மல்லுக்கு நின்றது. வியர்வை கண்ணில் இறங்கியது. கழற்றிய குழாயைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன், திறந்த வாய்களுக்கு மூடி போட்டேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சன்னல் கம்பி வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குள் கேலரி பாதி நிறைந்துவிட்டது. இரண்டு அணியின் பெண்களும் மட்டையோடு ஓரத்தில் ஓடிப் பழகினார்கள். காய்ந்த புல்லில் பந்து துள்ளுவதைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த அந்தத் தலைவி யானைகள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு விருது அவசரத்தில் புல்லைப் பார்க்க நேரமில்லை.

ஒன்றரை மணிக்கு மேடையில் ஐந்தாறு பேர் ஏறினார்கள். தணிக்கைக்கார அம்மாள் நெட்டையாக, தொப்பியோடு, கையில் கண்ணாடிக் கேடயத்தோடு நின்றாள். மாப்பிள்ளை புது டை கட்டியிருந்தார், இன்னும் பச்சையாக. அவர் மைக்கைப் பிடித்து, "ஒரு சொட்டு..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து மைதான வால்வைத் திறந்தேன். அதனுடைய சொந்தக் குழாயில், அதனுடைய சொந்த மீட்டர் வழியாக. மோட்டாரைப் போட்டேன்.

முதலில் பூந்தொட்டிகள் உருண்டன. பிறகு ஆறு பச்சைத் துணிகளும் பட்டம் மாதிரி ஆகாசத்துக்குக் கிளம்பின. ஆறு யானைகளும் ஒரே மூச்சில் பிளிறின. மேடைக்குப் பக்கத்து யானை மேடையையே பார்த்தபடி இருந்தது, அதை நான் திருப்பி வைக்கவில்லை, அது எப்போதும் அப்படித்தான் இருக்கும். தொப்பி பறந்தது. கேலரியில் பெரிய கூச்சல். அந்தத் தலைவி மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து நனைந்த புல்லில் வயிறு படச் சறுக்கிக்கொண்டே போனாள். மற்ற பெண்களும் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் மேலே அந்தப் பெரிய திரை. 0 என்பது 40 ஆனது. 40 என்பது 310. பிறகு கடைசி எண் கண்ணுக்கே பிடிபடாமல் சுழன்றது.

என் பாக்கெட்டில் போன் அடித்தது. மகள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

மாப்பிள்ளை வந்து சேர மூன்று நிமிஷம் ஆனது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரமான பச்சை டை கழுத்தில் ஒட்டிக்கிடந்தது.

"யோவ்! பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு? மூடு!"

"நீங்களே மூடுங்க மாப்பிள்ளை."

"எது? எந்த வால்வு?"

ஏழு சக்கரம் வரிசையாக இருந்தன. நாலு வருஷமாக மாமனார் என்ன வேலை செய்கிறான் என்று ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் இரண்டடிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் அவர் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்துத் திருகுகிற சத்தம் கேட்டது. மூடுகிற பக்கம் எது, திறக்கிற பக்கம் எது என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை. "அவளையும் சேர்த்துத்தான்யா அழிச்சுட்டுப் போறே! உன் பொண்ணை!" என்று கத்தினார். அது மட்டும் உண்மை. கால் ஒரு தரம் தயங்கியது. பிறகு நடந்தேன்.

பின்தெருவுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழாய்கள் இருமிக்கொண்டிருந்தன. காற்று 'கர்கர்' என்று வந்து, பிறகு பழுப்பாகத் தண்ணீர். மாப்பிள்ளை தெரு வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார், அவர் வாழ்க்கையில் தெருவுக்குச் செய்த ஒரே உபகாரம். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். "மைதானத்துலயா? எவ்வளவு? எட்டாயிரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் குழாயை வைத்தேன்.

"இது வழியாத்தான் சார் ஓடிச்சு. தெரு மீட்டரைத் தாண்டி நான் போட்டது. இத்தனை நாளும் திறந்தது நான்தான்."

சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்று இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினாள். சட்டையில்தான் பட்டது. துடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் குழாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக யோசனை என்ற ஒன்று வந்தது.

"சீலை எடுக்கணும். குறடு?" என்றார், பழக்கதோஷத்தில் என் பக்கம் கையை நீட்டி.

நான் எடுத்து நீட்டினேன். அது அவர் கைக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்து என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். வாசலில் நின்று பார்த்தேன். முற்றத்தில் பள்ளம் அப்படியே இருந்தது, அதன் விளிம்பில் குழாய் மட்டும் ஒற்றைக் காலில் நின்றது, கழுத்தில் தாடியோடும் ஈயத்தோடும். கம்பியை அவளே வெட்டினாள். சீலைத் தெருவில் வீசினாள். குழாயைத் திறந்ததும் அது இருமியது, தும்மியது, துருவும் மண்ணுமாகக் கொப்பளித்தது. வாளியை அடியில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அக்கா" என்றேன்.

முதல் வாளி நிறைந்தது, செங்கல் நிறத்தில். முதல் தண்ணீரை யாரும் புழங்க மாட்டார்கள், வாசலில்தான் கொட்டுவார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் நிற்கிற இடம்தான் எப்போதும் கொட்டுகிற இடம். நகரு என்று சொல்லவில்லை. நானும் நகரவில்லை. ஓங்கிக் கொட்டினாள். முழங்கால்வரை நனைந்தது. தண்ணீர் என் செருப்புக்குள் புகுந்து, துரு மணல் விரல் இடுக்கில் தங்கி, மிச்சம் தெருவில் புரண்டு கிடந்த துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடியது. உள்ளே வாளியைத் திரும்பக் குழாயடியில் வைக்கிற சத்தம் கேட்டது.